முதுகு காட்டிய கிளிகள்

"கிளிக்குக்கூடவா கோவம்? ஏங்க இப்படி முதுகைத் திருப்பிக்கிட்டு நிக்குது?"

உளியை நிறுத்தி நிமிர்ந்தான் இருசப்பன். சத்திரத்து வாசலில் நனைந்த குடையோடு ஒருத்தி. இமையில் மழைத்துளி... அதற்குள் எரிகிற கண்கள்.

வேதா. கட்டட ஆபீசில் படம் வரைபவள். அடி அண்ணாமலைச் சத்திரத்தின் பழைய கதவைக் கரையான் தின்றுவிட, அச்சு அசலாகப் புதுசு செய்யப் படம் போட்டவள் இவள்தான். பழைய இரட்டைக் கதவில், கதவுக்கு ஒன்றாக இருந்த கிளிகள் ஒன்றையொன்று பார்த்திருந்தன. இவன் செதுக்கியதிலோ...

"நீங்க குடுத்த படம் அப்படித்தான் இருக்கு."

கதவுக்கு ஒன்றாக இருந்த இரண்டு தாள்களையும் பிடுங்கிப் பார்த்தாள்.

"பிரிண்ட் போட்டவன் ரெண்டு தாளையும் திருப்பிப் போட்டிருக்கான். எழுத்தெல்லாம் கண்ணாடியில தெரியற மாதிரி இருக்கே... பாக்கலியா?"

அவன் முகம் கறுத்தது. "ஆபீஸ் எழுத்து அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"நல்லா நெனச்சீங்க. சரி, ரெண்டு கதவையும் இடம் மாத்தி மாட்டுங்க."

"மாட்டலாம். ஆனா கதவு சுத்துற குடுமியை வாசலுக்குத் தக்கபடி வெச்சாச்சு, மாத்தினா அது நடுவுல வந்துடும். அப்புறம் தினம் நீங்கதான் வந்து தொறக்கணும்."

சிரிப்பு வந்தது அவளுக்கு... உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் இன்ஜினியர் வந்துவிட்டார். "ரெண்டு மாச வேலை பாழ். கண்ணை எங்கடா வெச்சிருந்தே? நாளையிலேர்ந்து வராதே."

இருசப்பனுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. காகிதத்தில் தப்பு... குனிந்து குனிந்து முதுகொடிந்தவனுக்குத் திட்டு. கேட்டுவிடலாம். கேட்டால், படிக்கத் தெரியாதது ஊருக்கே தெரிந்துவிடும். உளிகளைப் பொறுக்கினான்.

"அவரை ஏன் சார் 'டா' போடறீங்க?" குறுக்கே வந்து நின்றாள் வேதா. "சரிபாக்காம படத்தை அனுப்பினது நான். அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. இந்த மாதிரி இறகு செதுக்க வேற ஆள் இருந்தா காட்டுங்க, பாக்கலாம்."

இன்ஜினியர் அந்த இறகுகளைப் பார்த்தார். "ஒரு மாசத்துல மறுபடி முடிக்கணும்" என்று முனகிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மழை வலுத்தது.

"எனக்காக நீங்க ஏன் பேசணும்? பரிதாபமா?" அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

"ஆத்திரம். எழுத்து திரும்பியிருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ்ளோ பேச்சு வாங்கியிருப்பீங்களா?"

பொறுக்கிய உளிகளைக் கீழே வைத்தான். அவனுக்காக இதுவரை யாரும் இப்படி வாதாடியதில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. நேரா இருந்தாலும் திரும்பியிருந்தாலும் எனக்கு ஒண்ணுதான்."

கேலி வருமென்று காத்திருந்தான். வரவில்லை. அந்தக் கண்களில் இருந்த நெருப்பு மெல்லத் தணிந்தது...

"இதை யாருகிட்டயும் சொன்னதில்லையா?"

"இல்ல."

"எங்கிட்ட மட்டும் ஏன்?"

"இதை மறைச்சுட்டு... உங்களைப் புடிச்சிருக்குன்னு எப்படிங்க சொல்றது?"