பச்சை விளக்கு

பிள்ளைகள் விடுதிக்குள் நுழையுமுன் சந்தனமாரி மற்ற எல்லா ஆயாக்களையும் போல வாசமில்லாத சோப்புப் போட்டுக் குளித்தாள். சாம்பல் நிறச் சீருடையை மாட்டினாள். தொண்டையில் ஒருகுரல் பட்டையை ஒட்டினாள். அதன்பின் அவள் பேசினாலும் ரோசிலி அக்கா பேசினாலும் பிள்ளைகளின் காதில் ஒரே குரல்தான் விழும். கடற்சுவர் கட்டப்போன தாய் தகப்பன்மார் திரும்பி வர வருஷக்கணக்காகும். அதுவரை எந்தப் பிள்ளையும் எந்த ஒருத்தியிடமும் ஒட்டிவிடக் கூடாது என்பது சட்டம். ஒட்டினால் பிரியும்போது உடைந்துபோகுமாம்.

ஆனால் கைக்கு எந்தப் பட்டையை ஒட்டுவது? சின்ன வயதிலிருந்து உப்பளத்தில் வாரி வாரிக் காய்த்துப்போன கை அவளுடையது. இரண்டு வயது அமலி அந்தக் கை முதுகில் பட்டால்தான் கண் மூடுவாள். இப்போது சந்தனமாரி கதவுப் பக்கம் நகர்ந்தாலே வீறிட்டாள்.

சமையல்கட்டில் பட்டையைக் கழற்றிவிட்டு ரோசிலி பால்புட்டி கழுவிக்கொண்டிருந்தாள். "ஏட்டி, அடுத்த மாசம் பிரிவுச் சோதனை. நீ வெளிய போவும்போது அது அழுதுச்சுன்னா, பிள்ள எம்புட்டு ஒட்டிருக்குன்னு அளக்குற அந்தப் பற்றளவி செவப்பா எரியும். உன்னய வேற ஊருக்குத் தூக்கிருவாவ."

"அழலன்னா?"

"நீயே வச்சுப் பாத்துக்கிடலாம். அதுக்கு என்ன செய்யப்போற, வாயில பிளாஸ்திரி ஒட்டப்போறியா?"

சந்தனமாரி சிரிக்கவில்லை. வெளியே அவளுக்கென்று ஒரு நாதி கிடையாது. வாடகை அறைக்குப் போனால் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிள்ளையை விட மனமில்லாமல் அவளே பிள்ளையைப் பழக்கத் தொடங்கினாள். வேண்டுமென்றே எழுந்து போவாள். அழுகை கேட்டால் திரும்ப மாட்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள். அழுது ஓய்ந்த பிறகே உள்ளே வருவாள். வந்தாலும் தூக்க மாட்டாள், தொட மாட்டாள். முதலில் அமலி தொண்டை கிழியக் கத்தினாள். பிறகு முனகினாள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று.

"பிள்ளய இப்படிப் போட்டு வதைக்கியே, நீ மனுசிதானா?"

"அவகூட இருக்கணும்லாக்கா."

சோதனையன்று மேற்பார்வையாளர் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றார். சந்தனமாரி எழுந்து வெளியே போனாள். கட்டை அடுக்கிக்கொண்டிருந்த அமலி தலையைக்கூடத் தூக்கவில்லை. பற்றளவியில் பச்சை எரிந்தது.

"பிரமாதம்மா," என்றார் அவர். "பள்ளிக்கூடம் போற வரைக்கும் இவ உன் பொறுப்பு. இனி மாத்த மாட்டோம்."

சந்தனமாரி உள்ளே ஓடி மண்டியிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். "அமலி, வாட்டி என் ராசாத்தி! இனி உன்னய விட்டு எங்கயும் போமாட்டேன்."

அமலி நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, ஆசையும் இல்லை. நீட்டிய கைகள் தாமாகவே இறங்கின. சந்தனமாரி மெல்லப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேருந்தில் முன்பின் தெரியாதவருக்கு ஒதுங்கிக் கொடுப்பதுபோல, அமலி கட்டைகளை இழுத்துக்கொண்டு அவளுக்கு இடம்விட்டுச் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.