சத்தம் போடாத பிள்ளை

"சீனீ... டேய் சீனீ!"

மங்களம் மறுபடியும் கூப்பிட்டாள். ரப்பர் தோட்டக் கூலிகளின் வரிசை வீடுகளான லயத்தில், வாசலில் உட்கார்ந்திருந்த பிள்ளை திரும்பவில்லை. அடுப்படியில் சட்டி மூடி விழுந்த சத்தத்துக்கு மட்டும் சட்டென்று திரும்பினான். அப்படியானால் காது நன்றாகத்தான் கேட்கிறது. பிறகு ஏன் தன் பெயர் அவனுக்கு எட்டவில்லை? நாலு வயது நெருங்குகிறது. அம்மா என்று ஒரு வார்த்தை இல்லை. வேண்டியதை விரலால் காட்டக்கூடத் தெரியவில்லை.

"எனக்குப் பயமா இருக்குக்கா... பக்கத்து வீட்டுப் புள்ள இவனுக்கு எளையது, என்னா பேச்சு பேசுது! இவன் நம்ம மொகத்தக்கூட பாக்க மாட்டேங்குறானே..."

மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த செல்லாயி கத்தியைக் கீழே வைத்தாள். மங்களத்தின் கணவனுக்கு அண்ணன் மனைவி அவள், பிள்ளை இல்லாதவள். அண்ணன் தம்பி இருவரையும் ஜப்பான்காரன் ஒரே லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டான். அதிலிருந்து மங்களம் காடு வெட்டப் போவாள். செல்லாயி சீனியைப் பார்த்துக்கொள்வாள்.

"வாயில நல்ல வார்த்தையே வராதாடி ஒனக்கு? ஜப்பான்காரன் வந்தப்போ ரப்பர் காட்டுல ஒளிஞ்சிருந்தோமே, எல்லாப் புள்ளையும் வீல்னு கத்துச்சு. இவன் மூச்சு விட்டானா? இந்த லயமே இவன தங்கம்னு சொல்லுது லா! பெத்தவ நீ கொற சொல்ற... என் வளப்பு சரியில்லன்னு நேரா சொல்லிட்டுப் போயேன்!"

"ஐயோ, அப்படிச் சொல்லலக்கா! பகலெல்லாம் நீங்கதானே கூட இருக்கீங்க... எதிர உக்காந்து, மொகத்தப் பாத்துக் கொஞ்சம் பேசுங்கன்னு..."

"போதும்!"

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. லயத்தில் இருந்தவர்கள் சும்மா இருப்பார்களா? புருஷன் சயாமில் கிடக்கிறான், இவள் பிள்ளைக்கு நொட்டை சொல்கிறாளாம்! சொல்கிறவர்களுக்கு என்ன, அவர்கள் பெற்ற வயிறா எரிகிறது?

வேலை முடிந்து வந்ததும் சீனியை மடியில் வைத்து, தகரக் குவளையைக் காட்டி, "தண்ணி... தண்ணி..." என்பாள் மங்களம். அவன் அவள் தோளுக்கு அப்பால் பார்ப்பான். கணவன் அர்ச்சுனன் இருந்தால் அவன் தோளில் சாய்ந்தாவது அழுதிருப்பாள். இந்த உலகத்தில் தனக்கு மட்டும்தான் இது தெரிகிறது என்ற நினைப்புத்தான் அவளைக் கொன்றது.

ஒரு நாள் மழையால் வேலை பாதியில் நின்றது. வீட்டுக்கு வந்தவள் பதறிப்போனாள். செல்லாயி குளிர்காய்ச்சலில் தரையில் சுருண்டு கிடந்தாள். அருகில் உட்கார்ந்து அவள் வளையலை உருட்டிக்கொண்டிருந்தான் சீனி.

"அக்கா!"

"காலையிலேர்ந்து கூப்புட்டுக்கிட்டே இருக்கேன்டி... தண்ணி எடுத்தாடா சீனின்னு கத்துனேன். பக்கத்துலதான் இருந்தான்... என்னைப் பாக்கவே இல்லடி!"

மங்களம் அவள் தலையை மடியில் தாங்கித் தண்ணீர் புகட்டினாள். செல்லாயி அவள் கையை இறுகப் பற்றினாள்.

"எனக்குத் தெரியும் மங்களம்... இவன் இப்படின்னு ஒனக்கு முன்னாடியே நான் கண்டுக்கிட்டேன். மலடி கை பட்டுத்தான் புள்ள இப்படி ஆச்சுன்னு சொல்லிடுவாங்களேன்னு வாயத் தொறக்கல. ஒன்ன எல்லாரும் ஏசுனாங்க... பாத்துக்கிட்டே இருந்தேனே, பாவி!"

மங்களத்துக்குக் கோபம் வரத்தான் செய்தது. இத்தனை நாளும் தன்னைத் தனியே தவிக்கவிட்டாளே! ஆனால் மடியில் கிடந்த உடம்பு அனலாய்க் கொதித்தது. அப்படியே குனிந்து கட்டிக்கொண்டாள்.

"யாரு கையும் இல்லக்கா... நீங்க இல்லன்னா இவன் உசுரோடவே இருந்திருக்க மாட்டான்."

"அவங்க ரெண்டு பேரும் திரும்பி வந்து, என்ன புள்ள இதுன்னு கேட்டா...?"

"நம்ம புள்ளன்னு சொல்லுவோம்க்கா. ரெண்டு பேருமா ஒக்காந்து பேசப் பழக்குவோம். பேச்சு வராட்டியும்... நம்ம புள்ளதான்!"

செல்லாயி குலுங்கிக் குலுங்கி அழுதாள். மங்களம் ஒரு கையை நீட்டிச் சீனியையும் இழுத்து அணைத்துக்கொண்டாள். அவன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். மங்களமும் அழுதாள். தனியாக இல்லாமல் அவள் அழுதது அன்றுதான்.