பளபளத்த கிண்ணம்

அந்தப் பெண் வந்தபோது சாம்பல் சார் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தார். தீயணைப்புத் துறையில் எது எதனால் எரிந்தது என்று கண்டுபிடிப்பதுதான் அவர் வேலை. எரிந்த வீடுகளில் மண்டியிட்டுச் சாம்பலைக் கிளறிக் கிளறியே முழங்கால் போயிற்று. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். ஊரில் எது எரிந்தாலும் யாராவது வந்து கதவைத் தட்டிவிடுகிறார்கள். மனிதரை நிம்மதியாக உட்கார விட்டால்தானே!

கதவைத் திறந்தவர் சகலை, அதாவது சாம்பல் சாரின் மனைவியுடைய தங்கையைக் கட்டியவர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இங்கே ஒரு வழக்கு வரும்போல் தெரிந்தால் போதும், கடையை இழுத்துச் சாத்திவிட்டு, சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு ஓடி வந்துவிடுவார். "வாங்கம்மா, உட்காருங்க, தைரியமா சொல்லுங்க" என்றார், தானே துப்பறிகிறவர் போல.

அவள் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு சின்னத் தகரக் கிண்ணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கிண்ணத்தின் வெளிப்புறம் முழுக்கக் கரி. உள்ளே முகம் பார்க்கலாம் போலப் பளபளவென்று இருந்தது.

"எங்க வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற கிரில் அடுப்போட கிண்ணம் சார் இது. கறியில இருந்து உருகுற கொழுப்பு அடியில இருக்கிற தட்டுல விழும். தட்டுல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா இந்தக் கிண்ணத்துல சொட்டும். நான் அடுப்பைத் துடைக்கல, அதான் தீப்பிடிச்சுதுன்னு சொல்றாங்க. நீங்களே பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்குன்னு."

"யார் சொல்றாங்க?" என்று கேட்டார் சாம்பல் சார்.

"யார் சொல்லலன்னு கேளுங்க. அத்தை, வீட்டுக்காரர், வந்த விருந்தாளிங்க, எதிர்வீட்டுக்காரங்க. மாமா தையல்காரர் சார். ரெண்டு கையும் வெந்து போச்சு. 'உன் சோம்பேறித்தனம் அவர் கையைத் தின்னுடுச்சு'ன்னு அத்தை முகத்துக்கு நேராவே சொல்றாங்க. வீட்டுக்காரர் அதுகூடச் சொல்றதில்ல, பேசுறதையே நிறுத்திட்டார். நான் துடைச்சேன் சார். அதை யாராவது நிரூபிச்சாத்தான் அந்த வீட்டுல நான் இருக்க முடியும். இல்லன்னா அம்மா வீட்டுக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன். இந்தப் பழியோட ஒரு வாய் சாப்பாடு உள்ள இறங்கல."

சாம்பல் சார் ஒத்தடத் துணியைப் பிழிந்து வைத்தார். "எப்படித் துடைப்பீங்க, சொல்லுங்க."

"சுட்டு முடிச்சதும் மூடியை மூடி, கொஞ்ச நேரம் சும்மா எரிய விடுவேன், ஒட்டினதெல்லாம் கருகட்டும்னு. அணைச்சு ஆறினப்புறம் கம்பியை பிரஷ் போட்டுத் தேய்ப்பேன். தட்டை உருவி, கொழுப்பை வழிச்சு, சோப்புத் தண்ணியில ஊறப்போட்டுக் கழுவுவேன். ஓட்டை அடைச்சிருக்கான்னு குச்சி விட்டுப் பார்ப்பேன். கடைசியா கிண்ணம். விருந்துக்கு முந்தின சாயங்காலம்கூட மறுபடி ஒரு தடவை எல்லாத்தையும் செஞ்சேன்."

"என் கடைக் கண்ணாடியைக்கூட நான் இவ்வளவு துடைக்கிறதில்ல" என்றார் சகலை, மனம் உருகி.

"தீப்பிடிச்ச அன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்டார் சாம்பல் சார்.

"இவரோட ஆபீஸ் ஆளுங்க நிறைய பேர் வந்திருந்தாங்க. நான் சமையலறையில கறி வெட்டி, தட்டுத் தட்டாக் கொண்டுபோய்க் கொடுத்துக்கிட்டு இருந்தேன். நல்ல கொழுப்புக் கறி. லீவு நாள்ல அடுப்பு மாமாவோடது. அவர்தான் பத்தவைப்பார், அவர்தான் சுடுவார். திடீர்னு ஒரே கூச்சல். ஓடிப்போனா அடியில இருந்து தீ. மாமா கேஸை மூடக் கையை நீட்டினார். அதுக்குள்ள இவர் ஒரு வாளித் தண்ணிய எடுத்து ஊத்தினார். குபீர்னு ஆள் உயரத்துக்கு எழும்பிச்சு சார். நாங்க ரெண்டு பேரும் மாமாவைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விருந்தாளிங்கள அனுப்பி வைக்க அத்தை மட்டும் வீட்டுல இருந்தாங்க. நான் திரும்பி வந்ததும் முதல் வேலையா இந்தக் கிண்ணத்தைக் கழட்டி வச்சுக்கிட்டேன். கழுவல, சத்தியமா."

"தெரியுதும்மா. கழுவியிருந்தா வெளியில கரி நிக்காது."

சகலை கையைத் தட்டினார். "அப்புறம் என்ன அண்ணே? கிண்ணம் சுத்தம், இவங்க துடைச்சிருக்காங்க. முடிஞ்சுது வழக்கு!"

சாம்பல் சார் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். "சகல, கிண்ணம் சுத்தமா இருக்கிறதுதான் பிரச்சினையே. செருப்பைப் போடுங்க, போய்ப் பாத்துட்டு வந்துடுவோம்."

வீட்டின் முன்னறைதான் தையல் கூடம். இயந்திரத்தின்மேல் துணி போர்த்தியிருந்தது. பாதி தைத்த கோட்டுகள் ஊசியும் நூலுமாகச் சுவரில் தொங்கின. சாய்வு நாற்காலியில் இரண்டு கையிலும் கட்டோடு மாமனார் உட்கார்ந்திருந்தார். கைகளைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார். இவர்களைக் கண்டதும் அந்த அம்மாள் எழுந்தாள்.

"இதுக்கெல்லாம் ஆள் கூட்டிட்டு வரணுமா? கிண்ணத்தை மட்டும் தேச்சு வச்சுட்டா ஆச்சா?"

"அவ துடைச்சா சார்" என்றார் மாமனார். "காலையில தட்டை நான் பாத்தேன். அழுக்கே இல்ல."

"அவர் அப்படித்தான் சொல்வார். மருமகள்னா உசுரு. என்னைக்கு விட்டுக்கொடுத்திருக்கார்?"

சாம்பல் சார் இரண்டு பேருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுப் பின்பக்கம் போனார். சுவரில் கரி விசிறிபோல் மேலே ஏறியிருந்தது. அது தண்ணீர் ஊற்றியதன் அடையாளம். அதைப் பார்க்க அவருக்குப் பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை. முனகிக்கொண்டே மண்டியிட்டுத் தட்டை உருவினார். விளிம்பெல்லாம் கருகல். நடுவில் மட்டும் வெள்ளையாய், கழுவி வைத்த மாதிரியே இருந்தது. ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவினார். அடைப்பு எதுவும் இல்லை.

"அண்ணே, இங்க ஒரு மாத்திரை அட்டை மாட்டியிருக்கு!" சகலை தட்டின் மூலையில் ஒரு திருகுக்கு அடியிலிருந்து கிழிந்த வெள்ளிநிறத் துண்டு ஒன்றை இழுத்தார். விரல் நீளம்கூட இல்லை.

சாம்பல் சார் பூதக்கண்ணாடியை வாங்கி அதை வெகுநேரம் பார்த்தார். சமையலறையில் சாப்பாடு பொதியும் அலுமினியத் தாள்தான். ஆனால் அதன் ஓரம் ஒருமுறை மடித்து, அதன்மேல் இன்னொருமுறை மடித்து, நகத்தால் நீவி அழுத்தப்பட்டிருந்தது. கோணல் இல்லாத மடிப்பு. அவர் முகம் வாடிவிட்டது.

"என்ன அண்ணே, கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கிடைக்காமலே இருந்திருக்கலாம்னு தோணுது."

பின்வாசலில் நின்ற மாமியாரிடம் கேட்டார். "தீ அணைஞ்சப்புறம் இதை யாராவது தொட்டீங்களா?"

"யாரும் தொடல. தொட மனசு வருமா?"

மகன் வேலையிலிருந்து திரும்பும்வரை சாம்பல் சார் அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். தனியாக மருமகளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாமா என்று ஒரு யோசனை. ஆனால் அவள் கேட்டது ஆறுதல் இல்லை; வீட்டுக்கு முன்னால் அவள் பேர் துடைக்கப்பட வேண்டும். மகன் வந்ததும் எல்லாரையும் முன்னறையில் கூட்டினார்.

"சுருக்கமாச் சொல்லிடுறேன், எனக்கும் வயசாச்சு" என்று ஆரம்பித்தார். "காலையில இருந்து கொழுப்புக் கறி சுட்டிருக்கீங்க. தீப்பிடிக்கிறதுக்குள்ள கிண்ணம் நிரம்பி வழிஞ்சிருக்கணும். ஆனா கரி பிடிச்ச கிண்ணத்துக்குள்ள ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. நல்லாத் துடைச்சதால அது சுத்தமா இல்ல. எண்ணெய் அங்க வரவே இல்ல. ஓட்டையில அடைப்பும் இல்ல. அப்போ உருகின கொழுப்பு அத்தனையும் எங்க போச்சு?"

"எங்க போச்சு?" என்றார் சகலை, நாற்காலி நுனிக்கு வந்து.

"தட்டுலயே குளமாத் தேங்கிச்சு. தட்டு மேல அலுமினியத் தாள் விரிச்சிருந்தாங்க. ஓட்டை அதுக்கு அடியில மறைஞ்சு போச்சு. தீ பட்டதும் குளம் பத்திக்கிச்சு."

"பாத்தியா!" மகன் முதல்முறையாக மனைவி பக்கம் திரும்பினான். "கழுவ அலுப்புப்பட்டு, தாளை விரிச்சு வச்சிருக்கே!"

"ஐயோ, நான் விரிக்கல…"

"தம்பி, கொஞ்சம் பொறுங்க." சாம்பல் சாரின் குரலில் முதல்முறையாகக் கடுமை வந்தது. "அவசரத்துக்கு விரிக்கிறவங்க தாளைக் கிழிச்சுச் சும்மா போடுவாங்க. ஓரத்துல இடைவெளி இருக்கும், எண்ணெய் எப்படியாவது கசிஞ்சு ஓட்டைக்கு வந்துடும். இது அப்படி இல்ல. அளவெடுத்து, மூலைக்கு மூலை பொருத்தி, ஒரு சொட்டுக்கூட வெளிய போகாத மாதிரி போட்டிருக்காங்க, கோட்டுக்கு உள்துணி வைக்கிற மாதிரி. ஓரத்தை ரெண்டு தடவை மடிச்சு நீவியிருக்காங்க. எதுக்கு? துணின்னா நூல் பிரியும், மடிக்கணும். தாள் பிரியுமா? கை பழகின பழக்கம், தானா மடிச்சுது."

சுவரில் தொங்கிய கோட்டுகளைச் சகலை பார்த்தார். பிறகு தன் செருப்பைப் பார்த்தார். அவருக்கே உற்சாகம் வடிந்துவிட்டது.

"அதைக் கொஞ்சம் காட்டுங்க சார்" என்றார் மாமனார்.

கட்டுப் போட்ட கையால் வாங்க முடியாது. சாம்பல் சார் அந்தத் துண்டை அவர் கண்ணெதிரே பிடித்தார். தையல்காரர் நிறைய நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"என் மடிப்புதான். நான்தான் போட்டேன். காலையில பத்தவைக்கிறதுக்கு முன்னாடி." அவர் மருமகளைப் பார்த்தார். "சோப்புத் தண்ணியில உன் விரலெல்லாம் வெடிச்சுக் கிடந்துச்சேம்மா. தாள் போட்டா அப்படியே சுருட்டி எறிஞ்சுடலாம், நீ தேய்க்க வேண்டாமேன்னு நெனச்சேன். அதுல ஓட்டை போடணும்னு எனக்குத் தோணவே இல்ல. உள்துணியில யாராச்சும் ஓட்டை வைப்பாங்களா?"

"அப்புறம் ஏன் மாமா சொல்லல?"

"அதுதான் தீக்குக் காரணம்னு எனக்கு எப்படித் தெரியும்? தாள் இருந்துச்சுன்னு சொன்னா, நீதான் சோம்பல் பட்டுப் போடச் சொன்னேன்னு இவங்க கிளம்பிடுவாங்க. உன்னைக் காப்பாத்துறதா நெனச்சு வாயை மூடிக்கிட்டேன். கடைசியில நானே உன்னை மாட்டிவிட்டிருக்கேன்."

சாம்பல் சார் மாமியார் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்துக்கொண்டார். "எரிஞ்ச அடுப்புல தட்டோட நடுப்பகுதி மட்டும் வெள்ளையா இருக்கு. தீ எரிஞ்சப்ப தாள் அதை மூடியிருந்துச்சு, பின்னாடிதான் யாரோ எடுத்திருக்காங்க. எல்லாரும் ஆஸ்பத்திரியில இருந்தப்ப வீட்டுல இருந்தது நீங்க மட்டும்தாம்மா."

அந்த அம்மாள் மறுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். "பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. இத்தனை வருஷம் இவர் மடிப்பைப் பாக்காத நாள் உண்டா? தன் கையைத் தானே எரிச்சுக்கிட்டார்னு தெரிஞ்சா இந்த மனுஷன் மறுபடி கத்திரியைத் தொடுவாரா? உள்ளுக்குள்ளயே செத்துப் போயிடுவார். அதான் சுருட்டிக் குப்பையில போட்டேன்."

"அதுக்கு அவ தலையில பழியைப் போட்டியா?" என்றார் மாமனார்.

"அவ சின்னவ, தாங்கிக்குவான்னு நெனச்சேன்."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்றார் சாம்பல் சார், மகனைப் பார்க்காமல். "எண்ணெய்த் தீயில தண்ணி ஊத்தவே கூடாது. கேஸை மூடி, அடுப்பு மூடியைச் சாத்தியிருந்தா தானா அடங்கியிருக்கும். உங்கப்பா அதைத்தான் செய்யப் போனார். ஊத்தின தண்ணிதான் தீயை அவர் கை மேல ஏத்துச்சு. உங்களுக்குத் தெரியாது, குத்தம் சொல்லல. ஆனா இந்த வீட்டுல அந்தத் தீயில பங்கே இல்லாத ஒரே ஆள் இவங்கதான்."

மகன் சுவரோடு சாய்ந்தான். அந்த வாளியைப் பற்றி அவன் தினமும் நினைத்திருக்கிறான் என்பது முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. பேசாமல் இருந்ததெல்லாம் மனைவிமேல் கோபத்தால் மட்டும் அல்ல.

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் மாமனாரிடம்தான் போனாள். "உங்க மேல எனக்குத் துளிக்கூடக் கோபம் இல்ல மாமா. என் விரலை இந்த வீட்டுல நீங்க ஒருத்தராவது பாத்தீங்களே. கட்டு மாத்த நான் வருவேன். தச்சு முடிக்க வேண்டிய கோட்டு அத்தனையும் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

"அப்போ நீ கிளம்புறியாம்மா?"

"ஆமா மாமா. கோவிச்சுக்கிட்டு இல்ல. அலுத்துப் போச்சு. அம்மா வீட்டுல போய்க் கொஞ்ச நாள் தூங்கணும்."

மகன் வழியில் வந்து நின்றான். "தப்புத்தான். நான் என்ன செய்யணும்னு மட்டும் சொல்லு, செய்யுறேன்."

"'துடைச்சியா'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் என்ன சொல்றேன்னு கேக்கணும்னுகூட உங்களுக்குத் தோணல." அவள் தன் பையைக் கையில் எடுத்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள். "இனிமே அந்த அடுப்பு உங்களோடது. கம்பி, தட்டு, ஓட்டை, கிண்ணம், எல்லாத்தையும் நீங்களே தேச்சுக் கழுவுங்க. முடிச்சுட்டு வந்து கூப்பிடுங்க. துடைச்சீங்களான்னு நான் கேப்பேன். கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்."