சுவர் வழியே போன வயர்

கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய வயர் அவள் கையிலேயே இருந்தது. ஆனால் கதவு வழியே எட்டிப் பார்த்தால், கூடத்து மோடத்தில் பச்சை விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டிருந்தது.

போனில் சேவை மையத்துக்காரர் சொல்லித்தான் பிடுங்கினாள். இந்த முனையைக் கழற்றினால் அந்த விளக்கு அணைய வேண்டுமாம். அணையவில்லை என்று சொன்னாள்.

"இன்னொரு முனையில ஏதாவது மாட்டியிருந்தாத்தான் மேடம் அது எரியும். நடுவுல வேற எதுலயாவது குத்தியிருக்கா?"

நடுவில் இருந்தது சுவர் ஒன்றுதான். குடிவந்த நாளிலேயே அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை இருந்தது. அதன் வழியாகத்தான் வயர் கூடத்திலிருந்து படுக்கையறைக்கு வந்தது. மிச்ச நீளம் காலைத் தடுக்காமலிருக்க, சக்கரம் வைத்த குழந்தைக் கட்டிலின் காலில் அதைச் சுற்றி இறுக முடிந்திருந்தாள். "பிள்ளையையும் சேர்த்துக் கட்டிப்போட்டுட்டியா?" என்று கணவன் கேலி செய்துவிட்டு வேலைக்குப் போயிருந்தான். அவன் சிரித்தால் சிரிக்கட்டும். பிள்ளை பெற்ற பிறகு கிடைத்த முதல் வேலை இது. மகள் கண்ணெதிரே தூங்க, வீட்டிலிருந்தே பார்க்கலாம். மகளை ஒரு நிமிஷம்கூடப் பிரியாமல் இருப்பதைவிட அவளுக்கு வேறென்ன வேண்டும்?

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. கூடத்துக்குப் போய்த் துளையருகே குனிந்தாள். ஈரச் சுண்ணாம்பு வாசனை. அதற்கடியில், பால் குடித்த குழந்தையின் வாயிலிருந்து வரும் லேசான புளிப்பு வாசனை. உள்ளே எதுவோ நகத்தால் தடவுவதுபோல் சரசரத்தது. அவள் காது கொடுத்ததும், அதுவும் காது கொடுப்பதுபோல் நின்றது.

எலிதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மனசு கேட்டால்தானே.

"மோடம் பக்கத்து வயரை லேசா இழுத்துப் பாருங்க மேடம்."

இழுத்தாள். ஒரு சாண் வந்தது.

சுவர் அதைத் திரும்ப இழுத்துக்கொண்டது.

அவசரப்படாமல், நிதானமாக, பிசகாமல். கயிறு இழுக்கும் விளையாட்டில் எதிராளியின் பலத்தை நோட்டம் பார்ப்பதுபோல. போன் கையிலிருந்து நழுவியது. பயத்திலும் அவளுக்கு வீம்பு வந்தது. வயரைக் கையில் சுற்றிக்கொண்டு பலமெல்லாம் திரட்டி இழுத்தாள்.

உள்ளே பிடி விட்டது.

அப்பாடா என்றிருந்தது.

கிறீச்.

படுக்கையறையில் சக்கரம் உருண்டது. கிறீச். மறுபடியும்.

கட்டில்.

அது இந்தப் பக்கத்தை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தைப் பிடித்திருந்தது.

ஓடினாள். கட்டில் சுவரோடு ஒட்டி நின்றது. வயர் விறைத்திருந்தது. மகள் விழித்திருந்தாள். அழவில்லை. சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாரியெடுத்தாள்.

வரவில்லை.

விரல் மட்டுமே நுழையக்கூடிய அந்தத் துளைக்குள், மகளின் கை முழங்கைவரை போயிருந்தது.

சுவருக்குள் இருந்தது, லேசாக இழுத்துப் பார்த்தது.