மூடி போட்ட படங்கள்

“வெயில் கொளுத்துறப்போ நிழல்ல நிக்கிற ஆளையும் இது காட்டுமா பாப்பா?” தரை துடைக்கும் அக்கா ஒருநாள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டாள்.

“உங்க நரைமுடியை எண்ணியே காட்டும்க்கா.”

“அய்யோ, அப்போ சாயம் பூசிட்டுத்தான் வரணும்.”

வண்டியைப் பின்னால் எடுக்க உதவும் கேமரா அது. பளிச்சென்ற வெயிலையும் கரிய நிழலையும் ஒரே படத்தில் எவ்வளவு தூரம் பிடிக்கிறது என்று அளப்பது, அக்கா ‘பாப்பா’ என்று கூப்பிடும் அவளுடைய வேலை. அன்று மென்பொருள் இருட்டில் புள்ளி புள்ளியாய்த் தெரியும் இரைச்சலில் பாதியை வெட்டிவிட்டதால், பதினொன்று வரவேண்டிய அளவு பன்னிரண்டாக, உள்ளதைவிட நல்லதாக, வந்தது. தெரிந்தும் கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதம் கழித்து, உச்சிவெயிலில், சரக்கு வாசல் சுவரின் நிழலில் அக்கா நின்றிருந்தாள். வண்டியைப் பின்னால் எடுத்த ஓட்டுநரின் திரையில் வெறும் கறுப்புதான் தெரிந்தது.

அக்காவின் சாவை விசாரிப்பவர்களுக்காக இன்று மறு அளவீடு. “பழைய பன்னிரண்டே வரட்டும்மா. நானும் பிள்ளைகுட்டிக்காரன்,” என்று சொல்லிவிட்டு மேலாளர் கதவைச் சாத்தினார்.

ஜன்னலில்லாத அறை, விசிறியின் முனகல், எங்கிருந்தோ லேசான பினாயில் வாடை. திரைக்கு மேல் நின்ற கேமரா அவளையும், அவளுக்குப் பின்னாலிருந்த வெற்றுச் சுவரையும் பார்த்தது. லென்ஸை மூடி, அடுத்தடுத்து இரண்டு இருட்டுப் படங்கள் எடுத்து, மென்பொருள் தொடாத ரா கோப்புகளில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தாள். இரண்டிலும் அசையாமல் இருப்பது கழிந்துபோகும்; மணல் தூவியதுபோல் இரைச்சல் மட்டும் மிஞ்சவேண்டும்.

மணலுக்கு நடுவே மெல்லியதாய் ஒரு நிமிர்ந்த வடிவம் இருந்தது.

மூடியில் வெளிச்சம் கசிகிறதோ என்று கறுப்பு டேப் சுற்றினாள். மறுபடி எடுத்தாள்.

வடிவம் பெரிதாகியிருந்தது. தோள் தெரிந்தது. தோளருகே ஒரு நீளக் கம்பு.

அசைந்தால்தான் மிஞ்சும்.

அசைகிறது.

இரைச்சலைக் கணக்கிட்டாள். பதினொன்று. அறிக்கையில் பன்னிரண்டு என்று தட்டினாள்.

“மன்னிச்சிருங்கக்கா.”

பின்னால் ஈரத்துணி தரையில் இழுபடும் சத்தம். நின்றது.

கடைசி ஜோடியை எடுத்துக் கழித்தாள். வெறும் மணல். சுத்தம். ஒன்றுமில்லை. மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது.

அசையாமல் நின்றால் கழிந்துபோகும்.

பினாயில் வாடை இப்போது கழுத்தருகே.

கதவு திறந்தது. மேலாளர். ஏதோ கேட்க வாயெடுத்தவரின் கண்கள் அவள் முகத்தைத் தாண்டி, தோளுக்கு மேலே, ஓர் ஆள் உயரத்தில் நிலைத்தன.

பின்பக்கமாகவே நடந்து வெளியேறிக் கதவைச் சாத்தினார்.