கண்ணாடியின் உள்பக்கம்

கணவன் சாம்சனின் படத்தில், கண்ணாடியின் உள்பக்கம் வெண்மூட்டம் படிந்திருந்தது. மெர்சி துணியால் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். வீட்டுப் பிரிண்டரில் எடுத்த படம் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். ஆனால் மையில் கலந்த ஈரம் தாளிலிருந்து நாள்கணக்கில் மெல்ல வெளியேறிக்கொண்டே இருக்கும். மேலே வெள்ளைத்தாளைப் போட்டு, அது உறிஞ்சும்வரை பொறுக்க வேண்டும். அவள் பொறுக்கவில்லை. அடக்கம் முடிந்த மறுநாள் வீட்டில் ஜெபக்கூட்டம். ஆட்கள் வருவதற்குள் படம் சுவரில் இருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் வெளிவந்த தாளைக் கண்ணாடியோடு அழுத்தி ஃபிரேம் போட்டுவிட்டாள்.

பின்புறம் டேப் ஒட்டியதற்கும் காரணம் உண்டு. கும்மிடிப்பூண்டிக் காற்றில் ஆலைப்புகை இருக்கிறது. அது பட்டால் மையில் நீலம் முதலில் அழியும். முகம் சிவக்கும், பிறகு வெளிறும். புகை புகாவிட்டால் பல வருடம் நிற்கும். படம் இருந்த போன் தண்ணீரில் விழுந்து கெட்டபின், அவன் முகம் என்று அவளுக்கு மிஞ்சியது இந்தத் தாள் ஒன்றுதான். அதற்காக ஜன்னல் இடுக்குகளையும் டேப்பால் அடைத்திருந்தாள்.

சாயங்காலம் வந்த சாம்சனின் தங்கை ஏஞ்சலின் சிரித்தாள். "இன்னா அண்ணி, ஊட்டயே டப்பா மாதிரி மூடி வச்சுக்கினு கீற? அண்ணன் மூச்சு வுட வேணாமா?"

சொன்னபிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆலையில் ரசாயனத் தொட்டியைக் கழுவ இறங்கி, உள்ளே காற்றில்லாமல் செத்தவன் சாம்சன்.

"காத்து பட்டா செவந்து பூடும்டி" என்றாள் மெர்சி.

ஏஞ்சலின் போனதும் மழை பிடித்தது. கதவைச் சாத்திவிட்டு மெர்சி மறுபடி படத்தின் முன் நின்றாள். மை அடர்ந்த இடத்தில்தான் ஈரம் அதிகம். தலைமுடியின்மேல், அவன் போட்டிருந்த கறுப்புக் கோட்டின்மேல் மூட்டம் கூடுதலாக இருக்க வேண்டும். அங்கெல்லாம் கண்ணாடி தெளிவாக இருந்தது. வாயின்மேல் மட்டும் வெள்ளை வட்டம்.

வட்டம் சுருங்கியது. விரிந்தது. மறுபடி சுருங்கியது.

அவள் தன் மூச்சை அடக்கினாள். வட்டம் நிற்கவில்லை. வேகம் கூடியது. அவன் வேலைச்சட்டையில் வரும் அமில நெடி அறையில் பரவியது.

ஃபிரேமை இறக்கி டேப்பைக் கிழித்தாள். தாள் கண்ணாடியோடு ஒட்டிப்போயிருந்தது. ஈரத்தோடு ஒட்டிய படத்தை இழுத்தால் மை கண்ணாடியிலேயே தங்கிவிடும், முகம் உரிந்துவிடும். இருக்கிற ஒரே முகம்.

வட்டம் சிறிதாகிக்கொண்டே வந்தது. பொட்டளவு. ஊசிமுனை.

இழுத்தாள்.

தாளில் முகம் இருந்த இடம் வெள்ளை. கண்ணாடியில் உதடுகள் மட்டும் முழுதாக ஒட்டியிருந்தன.

அவை பிரிந்தன.

திரைச்சீலை ஃபிரேமின் பக்கம் எழும்பியது. ஜன்னல் டேப்புகள் உள்நோக்கிப் புடைத்தன. காது அடைத்தது. கதவை வெளியே தள்ளினாள். அசையவில்லை. தோளால் மோதினாள். அசையவில்லை. கத்த வாய் திறந்தாள். கத்தக் காற்று இல்லை.

முழங்காலில் சரிந்து திரும்பிப் பார்த்தாள்.

உதடுகள் உள்ளிழுத்துக்கொண்டே இருந்தன. இன்னும் ஒருமுறைகூட வெளிவிடவில்லை.