அடுப்புக்கு ஆள் வேண்டுமே

ஞாயிற்றுக்கிழமை காலை டெனீஸ் முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோதே, அவள் முதுகுக்குப் பின்னால் விஷயம் முடிந்துவிட்டது. அவள் கணவன் ராண்டியும் அவன் அண்ணன் டுவேனும் போவதாக ஏற்பாடு. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

கொரோனா வருஷம் அது. நெப்ராஸ்காவில் சனிக்கிழமை என்றால் ஊரே கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தில் இருக்கும். இந்த முறை பொதுமக்களுக்கு இடமில்லை. ஆடுகிற பையன் ஒவ்வொருவனுக்கும் வீட்டு ஆள் இரண்டு பேர், அவ்வளவுதான். யார் யார் என்பதைப் பையனே புதன்கிழமைக்குள் சொல்லிவிடவேண்டும். வருகிற சனிக்கிழமை அவள் மகன் டானருக்குக் கல்லூரியில் கடைசி ஆட்டம். கடைசி வருஷப் பையன்களை ஒவ்வொருவராக மைதானத்தின் நடுவில் நிறுத்தி, ஒலிபெருக்கியில் பேர் சொல்லுவார்கள். பெற்றவர்கள் பேரும் வரும்.

முன்பெல்லாம் வீட்டுக்கு நாலு டிக்கெட் கிடைக்கும். ராண்டி, டுவேன், அவர்களுடைய தங்கை கார்லா, கார்லாவின் கணவன். ஆட்டத்தன்று வண்டி நிறுத்துமிடத்திலேயே சமைத்துச் சாப்பிடுவது அங்கே வழக்கம். டெனீஸ் வெளியே, டிரக்குக்குப் பின்னால் அடுப்போடு இருப்பாள். ஒரு பெரிய பானை நிறைய மாட்டிறைச்சி சில்லிக் குழம்பு, தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோல். டானர் சேர்ந்த வருஷம் முதல் ஆட்டத்தன்று, "அடுப்பை எரிய விட்டுட்டு எல்லாரும் உள்ள போனா எப்படி?" என்று கார்லா கேட்டாள். நான் இருக்கிறேன் என்று டெனீஸ் சொன்னாள். அன்றைக்கு ஒரு நாளைக்கென்றுதான் சொன்னாள். அன்று டீம் ஜெயித்துத் தொலைத்தது. டெனீஸ் பானையைக் கிளறினால்தான் ராசி என்று டுவேன் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அவளை அடுப்பைவிட்டு யார் நகரவிடுவார்கள்?

இப்போது கார்லா போனில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். டெனீஸுக்குத்தான் ஆட்டத்தில் இஷ்டமில்லையே, அவளுடைய இடத்தையாவது எனக்குத் தரக்கூடாதா என்பது அவள் வாதம். அவளுக்கு ஏது இடம் என்று டுவேன் சிரித்தார்.

"அவளுக்கு ஃபுட்பால்னா என்னன்னே தெரியாது. ரேடியோவை வெச்சுக்கிட்டுக் கிளறிட்டு இருப்பா. அவளுக்கு அதுதான் சந்தோஷம்."

டெனீஸ் அடுப்பை அணைத்தாள். முட்டையைத் தட்டில் வைத்து அவர் முன்னால் நகர்த்தினாள். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்தாள்.

ஃபுட்பால் தெரியாதாம். டானர் செய்வது என்னவென்று இந்த ஊரில் அவளைவிட யாருக்குத் தெரியும்? பந்தை உதைக்கிறவன் பின்னால் தூரத்தில் நிற்பான். டானர் குனிந்து, இரண்டு காலுக்கும் நடுவே அந்த முட்டை வடிவப் பந்தை அவன் கைக்குப் போய்ச் சேருகிற மாதிரி பின்னால் வீசவேண்டும். அதுதான் அவன் வேலை. சரியாக வீசினால் உதைத்தவன் பேரைச் சொல்லுவார்கள். தவறாக வீசினால்தான் டானர் பேர் வரும். அதனால் ரேடியோவில் மகன் பேர் வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அவள் நாலு வருஷம் கரண்டியைப் பிடித்திருந்தாள். வரவில்லை. ஒரு தடவைகூட வரவில்லை. ஆட்டம் முடிந்து வருகிறவர்களிடம், "எப்படி இருந்துச்சு?" என்பாள். "ஜெயிச்சோம்" என்று தட்டை நீட்டுவார்கள்.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டானர் போனில் முகம் காட்டினான். பரிசோதனை, தனிமை என்று அவனைக் கல்லூரி விடுதியைவிட்டு வெளியே விடுவதில்லை. ராண்டி போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்தான்.

"பேர் குடுத்துட்டியா? நானும் பெரியப்பாவும்தானே?"

"ஒரு பேர் குடுத்துட்டேன்பா. அம்மா பேர்."

டுவேன் மெல்லுவதை நிறுத்தினார். அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்காதே என்று ராண்டி ஆரம்பித்தான்.

"யார் சொன்னா? அம்மாவா?" டானர் குரலை உயர்த்தவில்லை. "நாலு வருஷமா ஆடறேன். அம்மா ஒரு ஆட்டம்கூடப் பாத்ததில்ல. உங்களுக்கு அது தெரியுமா, இல்ல நீங்க யோசிச்சே பாக்கலையா?"

ராண்டி நெற்றியைத் தேய்த்தான். ஏதாவது ஒரு ஆட்டம், மழைக்கு ஒதுங்கவாவது அவள் உள்ளே வந்திருப்பாள் என்று தேடிப் பார்த்தான் போலிருக்கிறது. கிடைக்கவில்லை. அவன் முகம் சிவந்தது.

"இன்னொரு பேரை அம்மா சொல்லட்டும்," என்றான் பையன். "யாரைச் சொன்னாலும் சரி."

டெனீஸ் கைக்குட்டையைத் தேடினாள். கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது இரண்டு ஆண்களும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழக்கதோஷத்தில் ராண்டி பேர் நாக்கு நுனிவரை வந்தது. டுவேன் முள்கரண்டியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. ராண்டிக்கு இரவு வேலையாக இருந்த வருஷங்களில், புல்வெளியில் நின்று பையன் வீசிய பந்தையெல்லாம் பிடித்துப் பிடித்து ஒடிந்த விரல் அது.

"டுவேன்," என்றாள்.

"டெனீஸ்... அப்ப நான்?"

"நீ அடுப்பைப் பாத்துக்கோ, ராண்டி. யாராவது இருக்கணுமே."

அவள் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அவனுக்கு உறைத்தது. டுவேன் தட்டைத் தள்ளி வைத்தார். "ஞாயித்துக்கிழமை நான் பேசினது..." என்று இழுத்தார். சாப்பிடுங்க, ஆறிடும் என்றாள் அவள்.

சனிக்கிழமை மைதானத்துக்கு வெளியே அடுப்பு மூட்டவும் தடை. ராண்டி வீட்டு வாசலிலேயே டிரக்கின் பின்கதவை இறக்கி, அடுப்பை வைத்து, ரேடியோவைத் திருப்பினான். கார்லா வந்து தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். குளிர்காற்று அடித்தது. பானையைவிட்டு நகர்ந்தால் அடிப்பிடித்தது. உள்ளே போய்த் திரும்பினால் ஆட்டத்தில் பாதி போயிருந்தது. நாலு வருஷமும் டெனீஸுடைய அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலிகூட இருந்ததில்லையே என்று அவனுக்கு அப்போதுதான் தோன்றியது. அதை வாய்விட்டும் சொன்னான். கார்லா எழுந்து வந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

இருட்டுகிற நேரத்தில் டெனீஸும் டுவேனும் வந்தார்கள். மூன்று புள்ளி வித்தியாசத்தில் டீம் தோற்றிருந்தது. ராசிப் பானையைப் பற்றி டுவேன் மூச்சு விடவில்லை. நேராக உள்ளே போய்விட்டார். அவர் கண்கள் வீங்கியிருந்தன.

ராண்டி கரித்துணியில் கையைத் துடைத்தான்.

"எப்படி இருந்துச்சு?" என்றான். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று அவனுக்குப் புரிந்தது. "கடைசி வரைக்கும் கேட்டேன், டெனீஸ். ரேடியோல நம்ம பையன் பேரே வரல. ஒரு தடவைகூட வரல. நாலு வருஷம் இப்படியேவா நின்னே?"

தோற்றோம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். அந்த உரிமை அவளுக்கு இருந்தது. அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். அருகில் வந்து, புகை மணக்கும் அவன் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவன் கேவிக் கேவி அழுதான்.

"பேர் சொன்னாங்க," என்றாள். "மைதானமே காலியா இருந்துச்சா, நல்லா எதிரொலிச்சுது. நம்ம பேரும் சொன்னாங்க, உன் பேரும். நாற்காலியை இழுத்துப் போடு. முதல்லேர்ந்து சொல்றேன்."